கள நீட்சிகள்: படி காண்பது எப்படி, பிரிபடுமா என்று சோதிப்பது எப்படி?

களம் என்றால் என்ன, பல்லுறுப்புக்கோவைகளை வகுப்பது எப்படி, திசையன் வெளியின் பரிமாணம் என்றால் என்ன என்ற மூன்றும் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். கலோவா கோட்பாட்டைப் புதிதாகத் தொடங்குகிறவர்களைக் குழப்பும் சொற்களில் முதலிடம் 'செபரபிள்' என்பதற்குத்தான். பாடத்தில் அது ஒரு வரையறையாக வந்து நிற்கும். அதற்குப் பின் வரும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் விகிதமுறு எண்களின் மேல் அமைந்தவை. அங்கே எல்லா நீட்சிகளும் செபரபிள்தான். எதுவுமே தோற்காத ஒரு சோதனையை எதற்காகப் படிக்கிறோம் என்று மாணவருக்குப் புரியாமல் போவது இயல்பே.

தமிழில் இதைப் 'பிரிபடு நீட்சி' என்று சொல்கிறேன். மூலங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டாமல் தனித்தனியே பிரிந்து நிற்கின்றன என்று பொருள். இந்தக் கருத்தை நீட்சியின் படியோடு சேர்த்துப் படித்தால்தான் அது விளங்கும் என்பது என் உறுதியான எண்ணம். ஒரு நீட்சியின் அளவை இரண்டு வழிகளில் எண்ணலாம். ஒன்று, அதன் பரிமாணம். மற்றொன்று, அதை ஒரு பெரிய களத்துக்குள் எத்தனை விதமாகப் பதிக்கலாம் என்ற எண்ணிக்கை. இரண்டும் ஒரே எண்ணாக வந்தால் நீட்சி பிரிபடும், வராவிட்டால் பிரிபடாது.

குறியீடுகளை முதலில் பேசிவிடுவோம். கீழே இருக்கும் களம் க, நடுவில் இருப்பது ந, மேலே இருப்பது ம. பகா எண் ப, கோவையின் மாறி ய, சேர்க்கும் உறுப்பு த. விகிதமுறு எண்களின் களம் வி. க(த) என்றால் க-வையும் த-வையும் கொண்ட மிகச் சிறிய களம். ய^ப என்பது ய-வின் ப-ஆம் அடுக்கு.

முதல் எண்ணிக்கை: பரிமாணம்

க என்பது ம-வுக்குள் இருக்கும் களம் என்றால், ம-வின் உறுப்புகளைத் திசையன்களாகவும் க-வின் உறுப்புகளைக் கெழுக்களாகவும் பார்க்கலாம். அந்தத் திசையன் வெளியின் பரிமாணமே நீட்சியின் படி. [ம : க] என்று எழுதுவோம். அது முடிவுள்ள எண்ணாக இருந்தால் முடிவுறு நீட்சி. எண்களின் இப்படிப்பட்ட தொகுதிகளுக்கு 1871-இல் டெடகிண்ட் வைத்த ஜெர்மன் பெயருக்கு 'உடல்' என்று பொருள்.

வி(√2)-இன் ஒவ்வொரு உறுப்பும் அ + ஆ√2 என்ற வடிவில் இருக்கும், அடிக்கணம் 1, √2, படி 2. அடுத்து த = ∛2 என்று எடுங்கள். வி(த)-இன் அடிக்கணம் 1, த, த². படி 3. இதில் வகுத்தல் எப்படி நடக்கிறது என்பதைத் தாளில் ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள். 1 + த-வின் தலைகீழ் என்ன? (1 + த)(1 − த + த²) = 1 + த³ = 3. ஆகவே தலைகீழ் (1 − த + த²)/3. அடிக்கணத்தைத் தாண்டாமலேயே வகுத்தலும் முடிந்துவிட்டது.

த-வை மூலமாகக் கொண்ட, க-வில் கெழுக்கள் உள்ள, தலைக்கெழு 1 ஆன, மிகக் குறைந்த படியுள்ள கோவைக்குச் சிறுமக் கோவை என்று பெயர். அதன் படியும் [க(த) : க]-வும் ஒன்றே. எனவே படி காணும் வேலை சிறுமக் கோவையைக் கண்டுபிடிக்கும் வேலையாக மாறிவிடுகிறது.

சிறுமக் கோவையைப் பிடிப்பது

இதில் இரண்டு வேலைகள் உள்ளன. முதலில் த-வை மூலமாகக் கொண்ட ஏதாவது ஒரு கோவையைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு அது பகாக் கோவைதான், அதாவது க-வின் மேல் சிறிய காரணிகளாக உடையாதது என்று நிறுவ வேண்டும். இரண்டாவதைச் செய்யாமல் விடுவதுதான் மிகப் பரவலான பிழை. ஒன்றின் கனமூலங்களில் 1 அல்லாத ஒன்றை ஒ என்போம். அது ய³ − 1-இன் மூலம் என்பதால் படி 3 என்று பலர் எழுதிவிடுகிறார்கள். ஆனால் ய³ − 1 = (ய − 1)(ய² + ய + 1). ஒ-வின் சிறுமக் கோவை ய² + ய + 1, படி 2.

பகாத் தன்மையை நிறுவ, கோவையின் படி 2 அல்லது 3 ஆக இருந்தால் க-வில் மூலம் இல்லை என்று காட்டினாலே போதும். படி 4-க்கு வந்துவிட்டால் அது போதாது: ய⁴ + 4-க்கு விகிதமுறு மூலமே இல்லை, ஆனாலும் அது (ய² + 2ய + 2)(ய² − 2ய + 2) என்று உடைகிறது. பெரிய படிகளுக்கு ஐசன்ஸ்டைன் சோதனை கைகொடுக்கும். கெழுக்கள் முழு எண்கள், தலைக்கெழு 1 என்று கொள்வோம். மற்ற எல்லாக் கெழுக்களும் ஒரு பகா எண்ணால் வகுபட்டு, மாறிலி உறுப்பு மட்டும் அந்தப் பகா எண்ணின் வர்க்கத்தால் வகுபடாமல் இருந்தால், கோவை வி-யின் மேல் உடையாது. ய³ − 2-க்கு 2 என்ற பகா எண்ணே போதும்.

சற்றுக் கடினமான ஒன்றைப் பார்ப்போம்: த = √2 + √3. வர்க்கப்படுத்தினால் த² = 5 + 2√6. 5-ஐ நகர்த்தி மீண்டும் வர்க்கப்படுத்தினால் (த² − 5)² = 24. விரித்தால் த⁴ − 10த² + 1 = 0. இந்த நாற்படிக் கோவை பகாததா? ஐசன்ஸ்டைன் இதில் நேரடியாகப் பொருந்தாது. ஒரு பகா எண்ணை மட்டாக வைத்துச் சுருக்கி, அதாவது கெழுக்களுக்குப் பதில் அந்தப் பகா எண்ணால் வகுத்த மீதிகளை எழுதி, அங்கே உடையவில்லை என்று காட்டுவது இன்னொரு வழக்கமான உத்தி. அதுவும் இங்கே பலிக்காது. ய⁴ − 10ய² + 1 எந்தப் பகா எண்ணின் மட்டில் பார்த்தாலும் உடைகிறது. வி-யின் மேல் மட்டும் உடைவதில்லை. எனக்கு மிகவும் பிடித்த கோவைகளில் இது ஒன்று. இதை மடக்க வேறு கருவி வேண்டும்.

கோபுர விதி

க, ந, ம மூன்றும் ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தால் [ம : க] = [ம : ந] × [ந : க]. நிறுவலின் சாரம் ஒரே வரிதான்: க-வின் மேல் ந-வுக்குள்ள அடிக்கணத்திலிருந்து ஒன்று, ந-வின் மேல் ம-வுக்குள்ள அடிக்கணத்திலிருந்து ஒன்று என எடுத்துப் பெருக்கிய பெருக்கங்கள் அனைத்தும் சேர்ந்து க-வின் மேல் ம-வுக்கு அடிக்கணமாகின்றன.

இப்போது √2 + √3-க்குத் திரும்புவோம். √3 என்பது வி(√2)-இல் இல்லை: (அ + ஆ√2)² = 3 என்று எழுதினால் 2அஆ = 0 ஆக வேண்டும்; அப்போது அ² = 3 அல்லது 2ஆ² = 3 வரும்; இரண்டுமே விகிதமுறு எண்களில் நடக்காது. ஆகவே வி(√2, √3)-இன் படி 2 × 2 = 4. அடுத்து 1/த = √3 − √2 என்பதைக் கவனியுங்கள். த-வையும் 1/த-வையும் கூட்டிப் பாதியாக்கினால் √3. கழித்துப் பாதியாக்கினால் √2. இரண்டுமே வி(த)-க்குள் வந்துவிட்டதால் வி(த) = வி(√2, √3). அதன் படி 4. ஆகவே நாம் கண்ட நாற்படிக் கோவையே சிறுமக் கோவை. கோவையைத் தொடாமல், களத்தை எண்ணி அதன் பகாத் தன்மையை நிறுவிவிட்டோம்.

கோபுர விதியிலிருந்து வரும் இன்னொரு பயன்: உட்களத்தின் படி எப்போதும் மொத்தப் படியை வகுக்கும். வி(√2, ∛2)-இன் படி 2-ஆலும் 3-ஆலும் வகுபட வேண்டும், 6-ஐத் தாண்டவும் முடியாது, ஆகவே 6. கவராயத்தையும் அளவுகோலையும் மட்டும் கொண்டு வரையக்கூடிய நீளங்களின் படி எப்போதும் 2-இன் அடுக்கு. ∛2-இன் படியோ 3. கனசதுரத்தின் கனஅளவை அப்படி இரட்டிப்பாக்க இயலாது என்று 1837-இல் வான்ட்செல் நிறுவியது இந்த வழியில்தான்.

ஆனால் படிகளைக் கண்ணை மூடிக்கொண்டு பெருக்கக் கூடாது. ∛2-இன் படி 3, ஒ∛2-இன் படியும் 3. இரண்டையும் சேர்த்த களத்தின் படி 9 அல்ல, 6. முதலாவதைச் சேர்த்தவுடன் ய³ − 2 உடைந்து ஓர் இருபடிக் காரணியே மிஞ்சுகிறது. ஒவ்வொரு தளத்திலும் சிறுமக் கோவையைப் புதிதாகக் கணக்கிட வேண்டும்.

இரண்டாவது எண்ணிக்கை: பதிக்கும் வழிகள்

எல்லாக் கோவைகளும் ஒருபடிக் காரணிகளாக உடைந்துவிடும் அளவுக்குப் பெரிய களம் ஒன்றைக் க-வைச் சுற்றி எடுத்துக்கொள்வோம். வி-க்குக் கலப்பெண்களின் களம் போதும். அதைச் சூழ்களம் என்று அழைக்கிறேன். கூட்டலும் பெருக்கலும் கெடாமல், க-வின் உறுப்புகள் ஒவ்வொன்றும் இருந்த இடத்திலேயே இருக்க, ம-வைச் சூழ்களத்துக்குள் எத்தனை விதமாகப் பதிக்கலாம்?

க(த)-வுக்கு விடை எளிது. த எங்கே போகிறது என்று சொல்லிவிட்டால் மற்ற எல்லாம் தீர்மானமாகிவிடும். த போகும் இடமும் அதே சிறுமக் கோவையின் மூலமாகவே இருக்க வேண்டும். அப்படிப்பட்ட எந்த மூலத்துக்கும் போகலாம். எனவே பதிக்கும் வழிகளின் எண்ணிக்கை, சிறுமக் கோவைக்குள்ள வெவ்வேறு மூலங்களின் எண்ணிக்கை. ∛2 என்பது ∛2, ஒ∛2, ஒ²∛2 ஆகிய மூன்றில் எதற்கும் போகலாம்: 3 வழிகள், படியும் 3. வி(√2, √3)-இல் இரண்டு வர்க்கமூலங்களின் குறிகளையும் தனித்தனியே மாற்றலாம்: 4 வழிகள், படியும் 4.

இந்த எண்ணிக்கைக்குப் பிரிபடு படி என்று பெயர். இதுவும் கோபுர விதிக்குக் கட்டுப்படும். இது ஒருபோதும் [ம : க]-வை மிஞ்சாது. ஒவ்வோர் உறுப்பின் சிறுமக் கோவைக்கும் மூலங்கள் எல்லாம் வெவ்வேறாக இருந்தால் நீட்சி பிரிபடும் என்பதுதான் வழக்கமான வரையறை. முடிவுறு நீட்சிகளில், இரண்டு எண்ணிக்கைகளும் சமமாக இருப்பதும் அதுவும் ஒன்றே. வேலையை மிச்சப்படுத்தும் செய்தி ஒன்றும் உண்டு: களத்தை உருவாக்கப் பயன்படுத்திய உறுப்புகளை மட்டும் சோதித்தால் போதும். √2-உம் √3-உம் தேறிவிட்டால் வி(√2, √3)-இன் கோடானுகோடி உறுப்புகளும் தேறிவிடும்.

வகைக்கெழுச் சோதனை

மூலங்கள் வெவ்வேறா என்று பார்க்க மூலங்களைக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. கோவையின் வகைக்கெழுவை எடுங்கள். இங்கே எல்லை, சாய்வு எதுவும் கிடையாது. ய³ என்பது 3ய² ஆகும் என்ற விதியை மட்டும் கெழுக்களின் மேல் இயக்குகிறோம். ஒரு மூலம் இரண்டு முறையோ அதற்கு மேலோ வந்தால் அது வகைக்கெழுவுக்கும் மூலமாகும். ஒரே முறை வந்தால் ஆகாது. ஆகவே கோவைக்கும் அதன் வகைக்கெழுவுக்கும் மீப்பெரு பொதுக் காரணி 1 என்றால் மூலங்கள் அனைத்தும் வெவ்வேறு. அந்தக் காரணியை யூக்ளிடின் வகுத்தல் முறையால் க-வுக்குள் இருந்தபடியே கண்டுவிடலாம். சூழ்களத்தில் நடப்பதைக் கீழே இருந்தே தெரிந்துகொள்கிறோம். இந்தச் சோதனையின் மதிப்பே அதில்தான் இருக்கிறது.

பகாக் கோவைக்கு இது இன்னும் எளிமையாகும். பகாக் கோவையின் காரணிகள் 1-உம் அதுவும்தான். வகைக்கெழுவின் படியோ அதைவிடக் குறைவு. எனவே பொதுக் காரணி 1 அல்லாமல் போக ஒரே வழி, வகைக்கெழு முழுவதுமாக 0 ஆவது.

சிறப்பியல்பு எண் 0 ஆன களங்களில், அதாவது 1-ஐ எத்தனை முறை கூட்டினாலும் 0 வராத களங்களில், இது நடக்காது. படி n என்றால் n·ய-வின் அடுக்கு மிஞ்சி நிற்கும் என்று சொல்வதைவிட, ய⁵ − 2-இன் வகைக்கெழு 5ய⁴ என்று ஒன்றைக் கண்ணால் பார்ப்பது நல்லது: 5 என்பது 0 அல்ல. வி-யின் மேல் எல்லா நீட்சிகளும் பிரிபடுவதன் காரணம் இவ்வளவுதான்.

சிறப்பியல்பு எண் ப ஆன களத்தில் ப என்ற எண்ணே 0. அங்கே ய^ப-இன் வகைக்கெழு 0. எனவே ய-வின் அடுக்குகள் எல்லாம் ப-வின் மடங்குகளாக இருக்கும் பகாக் கோவைகள்தாம் சந்தேகத்துக்குரியவை. இதிலிருந்து ஒரு குறுக்குவழி கிடைக்கிறது: [ம : க] ப-ஆல் வகுபடாவிட்டால் நீட்சி பிரிபட்டே தீரும், வேறு எதையும் பார்க்க வேண்டாம்.

இதன் மறுதலை உண்மையல்ல. படி ப-ஆல் வகுபடுவதாலேயே நீட்சி பிரிபடாமல் போய்விடாது. 5 உறுப்புகள் கொண்ட களத்தின் மேல் ய⁵ − ய − 1 என்பது பகாக் கோவை. வகைக்கெழு 5ய⁴ − 1, அதாவது −1. மூலங்கள் வெவ்வேறு. த ஒரு மூலம் என்றால் மற்றவை த + 1, த + 2, த + 3, த + 4, போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து ஒரு முடிவுறு களத்தின் மேல் பிரிபடாத நீட்சியைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. அதற்குக் காரணமான சமன்பாடு இந்தப் பாடம் முழுவதையும் தாங்குகிறது: சிறப்பியல்பு எண் ப என்றால் (அ + ஆ)^ப = அ^ப + ஆ^ப. ப = 3-க்கு விரித்தால் நடுவில் வரும் 3அ²ஆ, 3அஆ² இரண்டும் 0 ஆகிவிடுகின்றன; மற்ற பகா எண்களுக்கும் இப்படியே. இதனால் ப-ஆம் அடுக்கு எடுப்பது களத்தின் அமைப்பைக் காக்கும் ஒரு கோப்பு, அதாவது ஒவ்வோர் உறுப்பையும் ஓர் உறுப்புக்கு அனுப்பும் விதி. அதற்கு ஃப்ரொபீனியஸ் கோப்பு என்று பெயர். முடிவுறு களத்தில் அது ஒன்றுக்கொன்றாக இருப்பதால், எல்லா உறுப்புகளையும் தொட்டுவிடும். ஒவ்வொரு கெழுவும் எதோ ஒன்றின் ப-ஆம் அடுக்கு. ஆகவே ய^ப-வில் அமைந்த கோவை முழுவதும் இன்னொரு கோவையின் ப-ஆம் அடுக்காகி உடைந்துவிடும். அது பகாக் கோவையாக இருக்கவே முடியாது. 5 உறுப்புக் களத்தில் ய⁵ − 2 = (ய − 2)⁵, ஏனென்றால் அங்கே 2⁵ = 32 = 2. எல்லா நீட்சிகளும் பிரிபடும் இத்தகைய களங்களுக்கு நிறை களங்கள் என்று பெயர்.

மூலங்கள் ஒட்டிக்கொள்ளும் இடம்

ஆகவே பிரிபடாத நீட்சி வேண்டுமென்றால், முடிவிலியாக உறுப்புகள் உள்ள, சிறப்பியல்பு எண் ப ஆன களத்துக்குப் போக வேண்டும். ப உறுப்புகள் கொண்ட களத்தில் கெழுக்கள் உள்ள, ட என்ற மாறியாலான விகிதமுறு சார்புகள் (ஒரு கோவையை இன்னொரு கோவையால் வகுத்த பின்னங்கள்) அனைத்தும் சேர்ந்த களத்தைக் க என்று எடுங்கள். இதில் ட-வுக்கு ப-ஆம் மூலம் கிடையாது. ய^ப − ட என்ற கோவையைப் பாருங்கள். ஐசன்ஸ்டைன் சோதனை இங்கேயும் செல்லும். பகா எண்ணின் இடத்தில் ட நிற்கிறது. ஆகவே இது பகாக் கோவை; அதன் ஒரு மூலம் த என்றால் [க(த) : க] = ப.

வகைக்கெழு 0. மூலங்கள்? த^ப = ட என்பதால் ய^ப − ட = ய^ப − த^ப = (ய − த)^ப. மூலம் ஒன்றே ஒன்று, ப முறை. பரிமாணம் ப, பதிக்கும் வழி 1. இரண்டு எண்ணிக்கைகளும் முதன்முறையாக விலகுகின்றன. களத்தின் படியை மட்டும் பார்த்தால் இதற்கும் ∛2-க்கும் வேறுபாடு தெரியாது; ப = 3 என்றால் இரண்டிலும் 3. களங்களைப் பொதுநோக்கில் ஆராய்ந்த தம் 1910-ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஸ்டைனிட்ஸ் இந்த இரண்டையும் முதல் வகை, இரண்டாம் வகை என்று பிரித்தார்.

பாதி பிரிந்து பாதி ஒட்டினால்

எல்லா மூலங்களும் பிரிவதும் எல்லாம் ஒட்டுவதும் இரு முனைகள். நடுவில் இருப்பவற்றைக் கணக்கிடவும் நேரடியான வழி இருக்கிறது. பகாக் கோவையை எடுத்து, ய^ப-வில் எழுத முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் ய^ப-க்குப் பதில் ய போடுங்கள். மீண்டும் அதே கேள்வி. முடியாத நிலை வரும்போது நிறுத்துங்கள். கடைசியில் மிஞ்சிய கோவையின் படிதான் பிரிபடு படி. எத்தனை முறை சுருக்கினீர்களோ, ப-வின் அத்தனையாவது அடுக்கு பிரிபடாப் படி. இரண்டின் பெருக்கம் மொத்தப் படி.

ப = 3 என்று வைத்து, மேலே சொன்ன களத்தின் மேல் ய⁶ − ட-வைப் பாருங்கள். ஐசன்ஸ்டைனால் பகாதது, படி 6. ய³-க்குப் பதில் ய போட்டால் ய² − ட. அதன் வகைக்கெழு 2ய, 0 அல்ல. எனவே பிரிபடு படி 2, பிரிபடாப் படி 3. மூலங்களாகவே எழுதிப் பார்த்தாலும் இதுவே தெரியும்: த⁶ = ட என்றால் ய⁶ − த⁶ = (ய² − த²)³ = (ய − த)³(ய + த)³. இரண்டு மூலங்கள், ஒவ்வொன்றும் மூன்று முறை.

இந்த நீட்சியின் உள்ளமைப்பையும் பார்த்துவிடலாம். நடுவில் ந = க(த³) என்று வையுங்கள். (த³)² = ட என்பதால் ந-வின் படி 2; அது பிரிபடும். அதன் மேல் த-வின் சிறுமக் கோவை ய³ − த³ = (ய − த)³; முழுவதும் ஒட்டிவிட்டது. எந்த முடிவுறு நீட்சியையும் இப்படிக் கீழே பிரிபடும் பகுதி, மேலே ஒட்டிய பகுதி என்று இரண்டு தளங்களாக அடுக்கலாம். ம-வில் பிரிபடும் உறுப்புகளை எல்லாம் சேர்த்தால் அது தானே ஒரு களமாகிறது; அதுவே ந.

பயிற்சிக்கு ஒன்று: ப = 2, கோவை ய⁴ + டய² + ட. சுருக்கினால் ய² + டய + ட. அதன் வகைக்கெழு ட. ஆகவே 2-உம் 2-உம். இதைப் படித்துவிட்டுப் போகாமல், மூலங்களைக் காரணிகளாக எழுதி நீங்களே சரிபாருங்கள்.

ஒரே உறுப்பால் களத்தை உருவாக்குதல்

√2 + √3 என்ற ஒரே உறுப்பு வி(√2, √3) முழுவதையும் உருவாக்கியது தற்செயலல்ல. முடிவுறு பிரிபடு நீட்சி எதுவானாலும் க(த) என்று ஒரே உறுப்பால் எழுதலாம். க-வில் முடிவிலி உறுப்புகள் இருந்தால் செய்முறையும் எளிது: இரண்டு உறுப்புகளில் ஒன்றோடு, மற்றதன் மடங்கைக் கூட்டுங்கள். ஒருசில மடங்குகள் மட்டும் தோற்கும். மற்ற எல்லாம் பலிக்கும்.

பிரிபடாவிட்டால் இது கைவிட்டுப் போகலாம். ப உறுப்புக் களத்தின் மேல் ட, ண என்ற இரண்டு மாறிகளாலான விகிதமுறு சார்புகளின் களத்தைக் க என்று எடுத்து, ட-வின் ப-ஆம் மூலம் த-வையும் ண-வின் ப-ஆம் மூலம் ச-வையும் சேர்த்து ம என்று அழையுங்கள். [ம : க] = ப². ஆனால் ம-வின் எந்த உறுப்பை எடுத்து ப-ஆம் அடுக்குக்கு உயர்த்தினாலும் அது க-வுக்குள் வந்து விழும். அதே (அ + ஆ)^ப சமன்பாடுதான் காரணம். எனவே தனி உறுப்பு எதன் படியும் ப-வைத் தாண்டாது; ப² படியுள்ள ம-வை ஒற்றை உறுப்பால் எட்டவே முடியாது. க-வின் உறுப்பு ஒன்றை எடுத்து அதை ச-வோடு பெருக்கி த-வோடு கூட்டினால், படி ப உள்ள ஒரு நடுக்களம் கிடைக்கும். வெவ்வேறு உறுப்புகளுக்கு வெவ்வேறு நடுக்களங்கள்: இரண்டு உறுப்புகளுக்கு ஒரே களம் கிடைத்தால் கழித்து ச-வையும் பிறகு த-வையும் அதற்குள் கொண்டுவந்துவிடலாம், அப்போது அதன் படி ப² ஆகிவிடும். க-வில் உறுப்புகள் முடிவிலி. ஆகவே ப = 2 என்று எடுத்தால், படி வெறும் 4 ஆன இந்த நீட்சிக்குள் நடுக்களங்கள் முடிவிலியாக அடங்கியிருக்கின்றன; படி அதே 4 ஆன வி(√2, √3)-க்கும் வி-க்கும் நடுவிலோ வி(√2), வி(√3), வி(√6) என மூன்றே மூன்று.